பரணில் கிடக்கும் மடிக்கணினிகள்

மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்டு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விநியோகிக்கப்பட்ட கணினிகள் ஐம்பது லட்சத்துக்கும் அதிகம். எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் ஆகிய ஊர்களிலும், பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய குப்பங்களிலும், தலைமுறை தலைமுறையாக வலையையும் படகையும் தவிர வேறு சாதனம் எதையும் சொத்தென்று எண்ணாத குடும்பங்களுக்குள் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது இந்தத் திட்டத்தினால்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தக் கணினிகள் இன்று எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பல வீடுகளில் விரல் பரணை நோக்கி நீளும். திட்டத்தோடு வந்த பையிலேயே, சார்ஜரின் ஒயர் சுற்றியபடி, மூடியின் மேல் அரசின் கோபுர முத்திரை மங்கிய நிலையில் அவை கிடக்கின்றன. 'போர்டு போயிடுச்சு', 'ஆன் ஆகல', 'கடைக்காரர் இதுக்கு மேல செலவு பண்ண வேணாம்னுட்டார்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்படும். அவற்றுள் சில உண்மையாகவே ஆயுள் முடிந்தவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்த வியாதி அற்பமானது என்பதும், அந்த வியாதி இன்னதென்று கண்டறிவதற்கு முதற்படியாகிய திறந்து பார்த்தல் என்னும் காரியமே நடக்கவில்லை என்பதும், அது நடக்காமற் போனதற்குத் தகுந்த உபகரணம் கைக்கு எட்டாததே பிரதான காரணம் என்பதும் என் திடமான அபிப்பிராயம். யந்திரத்தைக் கொடுத்த சர்க்கார் அதைத் திறக்கும் கருவியையும், திறக்கும் முறையைச் சொல்லும் கையேட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், பரணில் தூங்கும் கணினிகளில் பல இன்னும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ பிரயோஜனப்பட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் கூற்றை வாசகர் வெறும் உற்சாகத்தில் சொன்னதாக எண்ணிவிடாமல் இருக்கும் பொருட்டு, விஷயத்தைச் சற்று விவரமாகவே சொல்ல விரும்புகிறேன். மடிக்கணினி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பாகத்தில் பத்துப் பன்னிரண்டு சிறு திருகாணிகள் தெரியும். தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ள இவ்வகைத் திருகாணிக்கு அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936இல் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டி உற்பத்திக்கு ஏற்றதாக அமைந்த அது, நம் ஊர்க் கடைகளில் 'ஸ்டார்' என்ற பெயரால் இன்றும் வழங்குகிறது. பள்ளத்தின் வடிவம் ஒன்றுதான் என்றாலும் அளவு ஒன்றல்ல. மின்விசிறி மாட்டவும் சுவிட்ச் பெட்டி திறக்கவும் வீட்டில் வைத்திருக்கும் திருப்புளியின் முனை மடிக்கணினியின் திருகாணிக்குள் முழுதாக இறங்காது; விளிம்பில் மட்டும் பட்டுக்கொண்டு நிற்கும் அதை அழுத்தித் திருகும்போது முனை வழுக்கிப் பள்ளத்தின் சுவர்களை மழித்துவிடும். ஒருமுறை மழிந்த திருகாணியை எடுப்பதற்கு, அதன் மேல் அகலமான ரப்பர் வளையம் ஒன்றை வைத்துச் சரியான முனையால் அழுத்திப் பார்ப்பது முதல், நுண்ணிய அரத்தால் புதுப் பள்ளம் வெட்டுவது வரை பலவித உபாயங்கள் வேண்டியிருக்கும். எல்லாம் தோற்றுப் போனால் திருகாணியையே துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இத்தனை அனர்த்தத்துக்கும் காரணம், முனையின் மேல் பி.எச். 0 என்றோ பி.எச். 00 என்றோ பொறித்த, விரலளவே தடிமனுள்ள ஒரு சிறு திருப்புளி வீட்டில் இல்லாததுதான். வேறு சில கணினிகளில் ஆறு இதழ் கொண்ட பூவைப் போல் பள்ளம் வெட்டிய டார்க்ஸ் திருகாணிகள் இருக்கும். 1967இல் உருவான இவ்வகைக்கு டி5, டி6 என்ற அளவுகளில் தனி முனைகள் வேண்டும். 2009இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினியின் பேட்டரியைப் பிணைக்க ஐந்து இதழ் கொண்ட திருகாணியை உபயோகித்தது. அதற்கேற்ற திருப்புளி அப்போது சந்தையில் எவரிடமும் இல்லை. யந்திரத்தை விலை கொடுத்து வாங்கியவன் அதனுள்ளே பார்க்கலாகாது என்று உற்பத்தியாளர் தீர்மானிப்பதற்கு, பூட்டுப் போட வேண்டுவதில்லை, திருகாணியின் தலையை மாற்றினாலே போதும் என்பதை உலகம் அப்போது கண்டுகொண்டது.

திருகாணிகளைக் கழற்றிவிட்டால் திறந்துவிடும் என்று நம்பி இழுப்பவர்கள் அடுத்த இடத்தில் தவறுகிறார்கள். ரப்பர்ப் பாதங்களின் அடியிலும், ஒட்டியிருக்கும் தாள்களின் அடியிலும், டிவிடி ஓட்டி இருக்கும் பழைய மாதிரிகளில் அதை வெளியே இழுத்தபின் தெரியும் குழியிலும் ஒன்றிரண்டு திருகாணிகள் மறைந்திருக்கும். அவற்றையும் எடுத்தபின் மூடியைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை விடுவிக்கக் கத்தியோ இரும்புத் தகடோ உதவாது. மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை விளிம்பில் செருகி, ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கிளிக்கென்று விட்டுக்கொடுக்கும். உள்ளே கீபோர்டையும் தொடுபலகையையும் மதர்போர்டுடன் இணைக்கும் தட்டை ஒயர்கள் காகிதத்தைப் போல் மெலிந்தவை. அவற்றின் முனையிலுள்ள நகக்கண் அளவுத் தாழ்ப்பாளை நிமிர்த்திய பிறகே அவற்றை உருவ வேண்டும். நிமிர்த்தாமல் இழுத்தால் ஒயர் அறுந்து, சரியாயிருந்த கீபோர்டும் பிரயோஜனமற்றுப் போகும். எடுத்த திருகாணிகளை ஒரே கிண்ணத்தில் கொட்டிவைப்பதும் பிசகு; அவற்றின் நீளங்கள் வெவ்வேறானவை என்பதனால், காகிதத்தில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் ஒட்டிவைக்க வேண்டும்; குட்டைத் திருகாணிக்குரிய துளையில் நெட்டையைத் திருகினால் அது மதர்போர்டைத் துளைத்துவிடவும் கூடும்.

இவ்வளவும் கேட்டபின், இது சாமானியர் கைக்கு எட்டாத வித்தை என்று யாரேனும் நினைத்தால், ஏரிக்கரைக் குப்பங்களில் காலையில் ஒருமுறை நடந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன். கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், கண்ணியின் அளவுக்குத் தக்க ஊசியையும் அளவுகட்டையையும் தேர்ந்து எடுத்து, அறுந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று விரலாலேயே தடவிக் கண்டு, வலை பின்னியவனும் வியக்கும்படி பின்னிவிடுகிறார். கண்ணுக்கும் கைக்கும் இத்தகைய பழக்கம் குலதனமாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு திருகாணிகளை வரிசை மாறாமல் எடுத்து வைப்பது அரிய காரியமல்ல. வலை ஊசி எல்லாருடைய வீட்டிலும் இருக்கிறது, பி.எச். 00 திருப்புளி ஒருவர் வீட்டிலும் இல்லை என்பதே குறை.

அந்தக் கருவி எங்கே கிடைக்கும் என்றால், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். எளாவூர் நிலையத்தில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து ரிச்சி தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால், சில நூறு ரூபாய்க்குள் பல முனைகள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிவிடலாம். பணத்தை விடப் பெரிய செலவு, சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரப் பயணத்திற்காக இழக்க வேண்டிய ஒருநாள் கூலிதான். அங்கே போனாலும் எதை வாங்குவது என்ற தெளிவு வேண்டும். முனைகளின் எண்ணிக்கையைக் காட்டி விற்கப்படும் மலிவான பெட்டிகளில் எஃகு மிருதுவாக இருக்கும். இரண்டு மூன்று முறை திருகிய உடனே முனை தேய்ந்து, திருகாணியையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நூறு முனை கொண்ட மட்டமான பெட்டியைக் காட்டிலும், கெட்டியான எஃகில் செய்த, நுனியில் சிறிது காந்தமேற்றிய நான்கு முனைகள் மேலானவை. இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் நெம்புத் தகடு, ஒரு ட்வீசர், ஒரு சாதாரண மல்டிமீட்டர், விசிறியின் தூசியை அகற்ற மெல்லிய தூரிகை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு குப்பி, ஒரு சிறு குழாய் தெர்மல் பேஸ்ட் இவ்வளவு இருந்தால் போதும். வீட்டுப் பழுதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சால்டரிங் அயர்ன் வேண்டாமா என்று கேட்பார்கள். சார்ஜர் செருகும் குழியின் பற்றாசு விட்டுப் போன கணினிக்கு அது வேண்டியதுதான். ஆனால் அது பழகிய கைக்குரிய கருவி, முதல் நாளே எடுக்க வேண்டியதல்ல.

கடலோரத்துக்கு என்று தனியாக ஒரு கஷ்டமும் உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். அதன் கரையில் வீசும் காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். அந்தக் காற்றை விசிறி உள்ளே இழுக்க இழுக்க, ரேமின் தொடுமுனைகளிலும் சார்ஜர்க் குழியிலும் பச்சை நிறக் களிம்பு படர்கிறது. அடிப்பாகத் திருகாணிகள் துருவேறி இறுகுகின்றன. 'போர்டு போயிடுச்சு' என்று ஒதுக்கப்பட்ட யந்திரத்தில் ரேமை வெளியே எடுத்து, தொடுமுனைகளை அழிரப்பரால் மென்மையாகத் துடைத்து மீண்டும் பொருத்தியதும் அது உயிர்பெற்றெழுவதைப் பழுது பார்ப்பவர்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்தது போல் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டாலோ, கருவி அருகிலேயே இருக்கவேண்டிய அவசியம் இன்னும் அதிகம். நனைந்த கணினியை இயக்கிப் பார்க்காமல், பேட்டரியைக் கழற்றி, உடனே திறந்து, ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தினால் அது பிழைக்கலாம். திருப்புளிக்காக ஒரு வாரம் காத்திருந்தால் அதற்குள் உப்பு தன் வேலையை முடித்துவிடும்.

பேட்டரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பல ஆண்டுகள் உபயோகமின்றிக் கிடந்த லித்தியம் பேட்டரி உப்பிப் போயிருக்கலாம். கணினியின் மூடி சரியாகப் பொருந்தாமல் தூக்கிக்கொண்டிருப்பதும், தொடுபலகை மேலெழும்பி நிற்பதும் அதன் அடையாளங்கள். அதை இரும்புக் கருவியால் நெம்பவோ குத்தவோ கூடாது, மறுபடி சார்ஜ் ஏற்றவும் கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இலேயே வந்துவிட்டன. ஆயினும் உப்பிய பேட்டரியை எடுத்துக்கொண்டு போய் ஒப்படைக்கக் குப்பத்தருகே ஓர் இடம் இல்லாத வரையில் அந்த விதிகளால் கிராமத்துக்குப் பயன் விளையாது. பிள்ளைகள் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும், சார்ஜரும் பேட்டரியும் முதலில் விடுபட வேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

திறந்தபின் கிடைக்கும் பலன் அற்பமன்று. பழைய மடிக்கணினியின் ஆமை வேகத்துக்கு முக்கிய காரணம் அதனுள் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி ஒன்றைப் பொருத்துவது, இடமறிந்தவனுக்கு அரைமணி நேர வேலை. பத்தாண்டுகளில் கல்லாய் உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்டால், தொட முடியாத சூடும் இடையிடையே தானாக அணையும் தொல்லையும் நீங்கும்; வெப்பத் தகட்டின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பது, அந்த வரிசையிலேயே இறுக்க வேண்டும் என்பதற்காகத்தான். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், பழைய யந்திரங்கள் தீர்ந்து போயின என்று கருதுவாரும் உண்டு. லினக்ஸ் இருக்கும்போது அவ்விதம் கருத நியாயமில்லை; சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்தத் திட்டத்துக் கணினிகளிலேயே அன்று வந்ததுதானே? பாடம் படிக்கவும், விண்ணப்பம் நிரப்பவும், கணக்குப் போடவும், காணொளி பார்க்கவும் ஒரு பதினோராம் வகுப்பு மாணவிக்கு அது தாராளமாகப் போதும்.

மற்ற தேசங்கள் இவ்விஷயத்தில் செய்திருப்பதைப் பார்த்தால் நமக்கு வழி தெரியும். பிரான்ஸ் தேசத்தில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி விற்பவர், அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விலைக்கருகிலேயே காட்டியாக வேண்டும். கையேடு கிடைக்கிறதா, பிரிப்பது சுலபமா, எந்தக் கருவி வேண்டும், உதிரிப்பாகம் உண்டா, அதன் விலை என்ன என்பவை அந்த மதிப்பெண்ணில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரிச் சட்டம் இதற்கு மேலும் ஒரு படி போகிறது. கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களின் பேட்டரியை, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு உபயோகிப்பவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்றும், விசேஷக் கருவி தேவைப்பட்டால் அதைச் சாதனத்தோடு இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் இந்த விதி அமலுக்கு வருகிறது. அமெரிக்காவின் பிரேம்வொர்க் என்னும் நிறுவனம், சட்டம் எதுவும் வற்புறுத்தாமலே, 2021இல் வெளியிட்ட தன் மடிக்கணினிப் பெட்டிக்குள் ஒரு திருப்புளியையும் வைத்து அனுப்பியது. லெனோவோ நிறுவனம் தன் திங்க்பேட் வரிசைக்கு எழுதி வெளியிடும் பராமரிப்புக் கையேட்டில், ஒவ்வோர் இடத்துத் திருகாணியின் அளவும், எண்ணிக்கையும், எவ்வளவு விசையோடு இறுக்க வேண்டும் என்பதும் அட்டவணையாகவே இருக்கின்றன; ஆகவே இது நடக்கக்கூடியதா என்ற கேள்விக்கே இடமில்லை. நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை நியமித்து, அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளத்தையும் திறந்தது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தும் விதி இல்லாத தளம் அவரவர் நல்லெண்ணத்தை நம்பியே நிற்க வேண்டியதாகிறது.

இங்கேதான் தமிழக அரசின் கடமை வருகிறது. வேறெந்தச் சட்டத்துக்காகவும் காத்திராமல் செய்யக்கூடிய கடமை அது. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டாண்டுகளில் 20 லட்சம் சாதனங்கள் வழங்குவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்து அதைச் செயற்படுத்தவும் தொடங்கியிருக்கும் அரசு, அத்தனை லட்சம் யந்திரங்களை ஒரே கையால் வாங்குகிறது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வைக்கும் நிபந்தனையை எந்த நிறுவனமும் அலட்சியம் செய்யாது. பிரித்துப் பூட்டும் கையேட்டைத் தமிழில் படங்களோடு வெளியிட வேண்டும். எளிதில் கிடைக்கும் திருப்புளியால் திறக்கும் திருகாணிகளையே வைக்க வேண்டும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டக்கூடாது. கீல், கீபோர்டு, பேட்டரி, சார்ஜர்க்குழி ஆகிய நான்கு உறுப்புகளும் குறைந்தது ஏழாண்டுகளாவது மாவட்டத்தில் ஓரிடத்தில் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிட்டால் காரியம் முடிந்தது. உத்தரவாதக் காலத்தில் மாணவன் திறந்தால் யார் பொறுப்பு என்று அதிகாரிகள் கேட்பது இயல்பே. உத்தரவாதம் உள்ளவரை கம்பெனிக்காரரே பார்க்கட்டும். நான் கவலைப்படுவது அது முடிந்த மறுநாள் முதல் அந்த யந்திரத்துக்கு யாரும் இல்லை என்பதைப் பற்றியே.

பழைய கணினிகளுக்கு வேண்டியது இதைவிடச் சுலபமானது. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் மேற்சொன்ன உபகரணங்கள் அடங்கிய ஒரு பெட்டியை வைத்து, புத்தகத்தை இரவல் கொடுப்பது போல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊராருக்கு இரவல் கொடுக்கலாம். சனிக்கிழமைகளில் ஐ.டி.ஐ. படித்த இளைஞர் ஒருவருக்குச் சிறு ஊதியம் கொடுத்துப் பள்ளியின் ஓர் அறையில் உட்காரவைத்தால், பரணிலிருந்து இறங்கும் கணினிகளை அவர் மேற்பார்வையில் மாணவர்களே திறப்பார்கள். உப்பிய பேட்டரிகளை மணல் நிரப்பிய டப்பாவில் சேர்த்துவைத்து மாதம் ஒருமுறை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படைக்கும் பொறுப்பையும் அந்த அறைக்கே தரலாம். பிழைக்காத கணினியும் வீணாவதில்லை. அதன் திரையும் ரேமும் திருகாணிகளும் இன்னொன்றைப் பிழைக்க வைக்கும். இதற்காகும் செலவு, பள்ளி ஒன்றுக்கு ஒரு புதிய மடிக்கணினியின் விலையைக்கூட எட்டாது. கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே, எளாவூரிலிருந்தும் ஏரிக்கரைப் பள்ளிகளிலிருந்தும் தொடங்கி, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் இதைச் செய்து பார்க்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.